துப்பா, தப்பா?

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மேடையில் நாற்காலி கிடைக்காத வருத்தத்தோடு முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! கதவோரம் நின்றால் சீக்கிரம் கிளம்பிவிடலாம் என்று நினைத்து நிற்கும் நண்பர்களே! கணவரைப் பறிகொடுத்துவிட்டு, எங்கள் எல்லாருடைய பேச்சையும் கேட்டாக வேண்டிய கூடுதல் துன்பத்துக்கும் ஆளாகியிருக்கும் எங்கள் அண்ணி அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

தலைமை தாங்கும் இயக்குநர் ஐயா அவர்களுக்குத் தனி வணக்கம். பதினான்கு திகில் படங்கள் எடுத்து, ஒரு தலைமுறையையே குளியலறைக் கதவைத் திறந்துவைத்துக் குளிக்க வைத்தவர். தொண்ணூறு வயதில் சக்கர நாற்காலியில் வந்திருக்கிறார். நான் வணக்கம் சொன்னதும் தலையசைத்தார். எதற்கு அசைத்தார் என்று தெரியவில்லை. இருபது ஆண்டு அவரிடம் வேலை பார்த்தவன் நான். அவர் தலையசைத்தால் என் கை இன்றைக்கும் பேனாவைத் தேடுகிறது.

அவருக்கு வலப்புறம் அமர்ந்திருக்கும் இளைய தயாரிப்பாளருக்கும் வணக்கம். அவருடைய தந்தை தயாரித்த, மறைந்த அண்ணன் நடித்த படத்தைத்தான் புதுப்பித்து, அடுத்த மாதம் மறுபடி திரைக்குக் கொண்டுவருகிறார். இடப்புறம் எங்கள் திரைத் தொழிலாளர் சங்கத் தலைவர். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறார். எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். அப்போதெல்லாம் கடிகாரம் கையில்தான் இருந்தது. நான் எழுந்ததும் மேசைக்கு வந்துவிட்டது. ஏன் தலைவரே? என்னைக் கண்டால் அவ்வளவு பயமா?

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்த்தவன். தமிழில் தொடர்ச்சிப் பொறுப்பாளர் என்பார்கள். முன் ஷாட்டில் வலக் கையில் இருந்த காபிக் கோப்பை அடுத்த ஷாட்டில் இடக் கைக்குப் போகக் கூடாது. மேல் பொத்தான் திறந்திருந்தால் திறந்தே இருக்க வேண்டும். அதையெல்லாம் பார்த்து நோட்டில் குறித்துவைத்து, மாறினால் கத்த வேண்டும். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கதோஷத்தில் வீட்டிலும், "காலைல போட்டிருந்த தோடு இது இல்லையே" என்று கேட்டு என் மனைவியிடம் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமா நஞ்சமா!

இதோ, மேடையில் வைத்திருக்கும் அண்ணனின் இந்தப் புகைப்படம். அண்ணனுக்கு மச்சம் இடக் கன்னத்தில். இந்தப் படத்தில் வலக் கன்னத்தில் இருக்கிறது. படத்தைத் திருப்பி அச்சடித்திருக்கிறார்கள். இதுவரை நான்கு பேர் இதைப் பார்த்துக் கண் கலங்கினீர்கள். ஒருவராவது மச்சத்தைப் பார்த்தீர்களா? நீங்கள் அழுதது அண்ணனுக்காகவா, கண்ணாடியில் தெரிந்த வேறு யாருக்காகவோவா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

நண்பர்களே! யாருக்காகக் கூடியிருக்கிறோம்? இந்தச் சங்கத்தின் செயலாளராக இருபத்தாறு ஆண்டு பணியாற்றியவர்! நாம் அன்போடு "அசையாத் திலகம்" என்று பட்டம் கொடுத்து, பிறகு பட்டத்தைச் சொல்ல நேரமில்லாமல் "பிணம் அண்ணன்" என்றே கூப்பிட்டுவந்த நம் அருமைக் கலைஞர்! பதினான்கு திகில் படங்களிலும் பிணமாக நடித்தவர் இவர் ஒருவர்தான். குளத்தில் மிதந்தவர் யார்? இவர். கட்டிலுக்கு அடியில் கிடந்தவர் யார்? இவர். இரும்புப் பெட்டிக்குள் மடங்கிக் கிடந்து, பூட்டைத் திறந்ததும் கையை மட்டும் வெளியே தொங்கவிட்டவர் யார்? இவரே! பதினான்கு முறை செத்தார். ஒரு முறைகூட முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த படத்தில் மறுபடி சாக விட்டிருக்க மாட்டார்கள்.

எறும்புக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். தோட்டத்தில் பிணமாகக் கிடக்கிறார். கேமரா மெல்ல மெல்ல நெருங்குகிறது. அப்போது ஓர் எறும்பு அண்ணன் கழுத்தில் ஏறி, காது மடலைச் சுற்றி, காதுக்குள்ளேயே இறங்கிவிட்டது. அண்ணன் அசைந்தாரா? இமை துடித்ததா? ஷாட் முடிந்ததும் எல்லாரும் கை தட்டினோம். ஐயா கேமராவிலிருந்து தலையை எடுத்து, "எறும்பு நல்லாப் பண்ணுச்சு" என்றார். அண்ணனைப் பற்றி ஒரு சொல் இல்லை. அண்ணன் எழுந்து, காதைத் தட்டி எறும்பை வெளியே விட்டு, "போய்ட்டு வாப்பா, உனக்கு நல்ல எதிர்காலம் இருக்கு" என்றார்.

அவர் செயலாளரான பிறகு கொண்டுவந்த விதிதான், பிணமாக நடிப்பவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை என்பது. எத்தனை பேர் சிரித்தீர்கள்! "பொணத்துக்கு எதுக்குய்யா ரெஸ்ட்டு?" என்று கேட்டவர் ஒருவர் இதே மேடையில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் இப்போது கடிகாரத்தைப் பார்க்கிறார். உறுப்பினர் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதல் ஆளாக மருத்துவமனைக்குப் போய் நிற்பவரும் அண்ணன்தான். கண் திறந்ததும் எதிரே பிணம் அண்ணன் நிற்பதைப் பார்த்து அலறியவர்கள் உண்டு. அலறிய வேகத்தில் பிழைத்துக்கொண்டவர்களும் உண்டு.

அவர் இறந்த செய்தி வந்தபோது, ஒளிக்காமல் சொல்கிறேன், நான் நம்பவில்லை. மூச்சை அடக்குவதில் அவருடைய கணக்கு இரண்டு நிமிடம் பத்து நொடி. அளந்தவன் நான். அதனால் வீட்டுக்குப் போனதும் தலைமாட்டில் நின்று சட்டைப் பையிலிருந்து நிறுத்துக் கடிகாரத்தை எடுத்து அமுக்கினேன். இரண்டு நிமிடம் பத்து நொடி கடந்தது. மூன்று நிமிடம். ஐந்து. பதினொரு நிமிடம் நின்றேன். அண்ணி பக்கத்தில் வந்து, "பாக்குறீங்களா தம்பி? நானும் காலைலேர்ந்து அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். கல்யாணமான முதல் மாதமே ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் செத்துக் காட்டியவராம். அண்ணி அவருக்காக அழுத முதல் அழுகையே அப்படி ஏமாந்து அழுததுதானாம். நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இனி அந்தப் பதினைந்தாவது படத்துக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும். எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் அதைப் பற்றிப் பேசினீர்கள். நான்கு பேரும் ஓர் இடத்துக்கு வந்ததும் பொடி வைத்துச் சிரித்தீர்கள். அந்த இடத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

படத்தின் பெயர் "மேலாளர் உள்ளே இருக்கிறார்". திகிலுக்கே பேர்போன இயக்குநர் எடுத்த ஒரே நகைச்சுவைப் படம். அதுவும் எப்படிப்பட்ட நகைச்சுவை? ஓர் அலுவலகம். யாருக்கும் பிடிக்காத ஒரு மேலாளர். திங்கட்கிழமை காலை மேசையில் உட்கார்ந்தபடியே செத்துப்போகிறார். தட்டச்சு செய்யும் பெண், தான் காபியில் கலந்த மாத்திரையால்தான் செத்தார் என்று நினைக்கிறாள். உதவி மேலாளர், நாற்காலித் திருகைத் தான் தளர்த்தி வைத்ததால்தான் என்று நினைக்கிறார். கடைநிலை ஊழியர், தான் விட்ட சாபம் பலித்துவிட்டது என்று நடுங்குகிறார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் இல்லையா? ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். தேடி வருபவர்களிடம் மட்டும் மூவரும் ஒரே குரலில், "மேலாளர் உள்ளே இருக்கிறார்" என்கிறார்கள். நான்கு நாள்! யாரும் திட்டவில்லை, யாரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்கவில்லை, வேலை மளமளவென்று நடக்கிறது. தலைமை அலுவலகம் மகிழ்ந்துபோய் அவருக்குப் பதவி உயர்வு கொடுக்கிறது.

அந்த மேலாளர் நம் அண்ணன். முதன்முதலாக முகம் தெரிந்த வேடம். படம் முழுவதும் திரையில் இருக்கிறார். ஒரு வசனம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து நாடே வயிறு வலிக்கச் சிரித்தது.

நீங்கள் பொடி வைத்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் நாள் காட்சி. கடைநிலை ஊழியர் பேனாவை எடுக்க மேசைக்கு அடியில் தவழ்ந்து போகிறார். மேலாளரின் கால்கள் தெரிகின்றன. பழுப்பு நிறக் காலுறை. ஊழியர் முகத்தைக் காட்டுகிறார்கள். மறுபடி கால்கள். சாம்பல் நிறக் காலுறை!

செத்தவரின் சாக்ஸை மாற்றியது யார்? முப்பத்திரண்டு ஆண்டாக இந்தக் கேள்வி. மாற்றியவர்தான் உண்மைக் கொலையாளி என்று கட்டுரை எழுதியவர்கள் உண்டு. கல்லூரிகளில் ஆய்வு செய்தவர்கள் உண்டு. நகைச்சுவைக்குள்ளும் ஒரு கொலைத் துப்பை ஒளித்துவைத்த மேதை என்று ஐயாவுக்கு மாலை மரியாதை செய்தவர்கள் உண்டு. ஐயாவும் ஒவ்வொரு பேட்டியிலும் புன்னகைத்து, "அதை நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

சொல்ல மாட்டார், நண்பர்களே. அது துப்பு அல்ல, தப்பு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சலசலப்பு வேண்டாம். தலைவரே, மைக்செட்காரரைப் பார்த்துக் கண் காட்ட வேண்டாம், நான் பார்த்துவிட்டேன். மைக் நின்றாலும் எனக்குத் தொண்டை இருக்கிறது.

அந்தக் காட்சிக்கு மூன்று நாள் முன்பு நடந்ததைச் சொல்கிறேன். மேலாளர் அறைச் சுவரில் நாள்காட்டி போன மாதத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நான் எழுந்து சொன்னேன். ஐயா எல்லார் முன்னாலும் கத்தினார். "அது துப்புடா! நான் வேணும்னே வச்சது! என் படத்துல எது துப்பு, எது தப்புன்னு தெரியாதவன் எதுக்கு நோட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிற? இனிமே நான் கேட்டா மட்டும் வாயத் தொற!" அறுபது பேர் சிரித்தார்கள். அந்த நாள்காட்டியும் தப்புதான், என்னிடம் மாட்டிக்கொண்டதும் அதைத் துப்பாக்கிவிட்டார் என்று நான் இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

மூன்று நாள் கழித்துக் காலுறை மாறியதைப் பார்த்தேன்.

ஆமாம், பார்த்தேன். இதோ அந்த நோட்டு. நாற்பத்தொன்றாம் பக்கம். "மேசைக்கு அடியில், இரண்டாம் ஷாட். சாக்ஸ் பழுப்பு போய்ச் சாம்பல்." அதற்குக் கீழே என் கையெழுத்தில் இரண்டே சொல்: "சொல்லவில்லை." ஏன் சொல்லவில்லை? ஐயா எனக்குப் பொறி வைக்கிறாரோ என்று சந்தேகம். அது பாதி. மீதிப் பாதி ரோஷம். வாயைத் திறக்காதே என்றீர்கள் அல்லவா, அனுபவியுங்கள் என்று ஒரு கெட்ட சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஏழு வாரம் கழித்துப் படத்தைத் தொகுக்கும்போது தப்பு வெளியே வந்தது. அதற்குள் அலுவலக அரங்கைப் பிரித்துப் பலகைகளை ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எடுக்க வழி இல்லை. ஐயா எங்களை எல்லாம் திரையிடும் அறையில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, தன் படத்துத் துப்பறிவாளர்போல் ஒவ்வொருவரையும் எழுப்பி விசாரித்தார். என் முறை வந்தது. "நீ பாத்தியா?" என்றார். நான், "பாக்கல சார்" என்றேன்.

தொடர்ச்சிக்காரன் பார்க்காவிட்டால் வெறும் கவனக்குறைவு. உடுப்பே மாறினால் உடைப் பொறுப்பாளரின் குற்றம். அப்படித்தான் பழி அவர்மேல் விழுந்தது. ஊசி அக்கா! சட்டைக் காலரில் எப்போதும் மூன்று ஊசிகள் நூலோடு குத்திவைத்திருப்பார். ஒரே சட்டையை வெயிலில் காய்ந்தது, மழையில் நனைந்தது, கத்திக்குத்து வாங்கியது என்று மூன்றாக்கித் தந்தவர். அன்று மாலையே வேலை போயிற்று. படத்தின் பெயர் அட்டையிலிருந்து பெயரும் போயிற்று, சங்கமும் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. "சாக்ஸ் மாத்துனவங்க" என்று சொல்லி வேறு எந்தப் படத்திலும் கூப்பிடவில்லை. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை போட்டு, ஜிப் மாற்றுவதும் கால்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைப்பதுமாக முப்பத்திரண்டு ஆண்டை ஓட்டிவிட்டார். படம் வெளியானதும் அதே சாக்ஸ் மேதைமை ஆகிவிட்டது. தப்பு துப்பாகிவிட்ட பிறகு, தப்புக்காகத் துரத்தியவரை எப்படித் திரும்பக் கூப்பிடுவது? கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடாதா?

சாக்ஸை மாற்றியது யார் என்று மூன்று வாரத்துக்கு முன்பு மருத்துவமனையில் தெரிந்துகொண்டேன். அண்ணனே சொன்னார்.

"நாந்தான்டா மாத்துனேன். அந்தப் பழுப்பு சாக்ஸ் கம்பளி. காலு அரிச்சுது பாரு, உயிரே போயிடும்போல இருந்துச்சு. சொறிஞ்சா அசஞ்சவன் ஆயிடுவேன். பதினாலு படத்துல அசையாதவன், மொகம் தெரியிற படத்துல அசையவா? டீ குடிக்கப் போனீங்கல்ல, அப்ப வீட்டுலேர்ந்து போட்டுக்கிட்டு வந்த சாக்ஸ மாட்டிக்கிட்டேன். மேசைக்கு அடியில எடுக்கிறது முடிஞ்சுதுன்னு நெனச்சேன். கேமராவ மறுபடி அங்கயே கொண்டாந்து வச்சிட்டாரு."

அவ்வளவுதான், ஆய்வாளர்களே! கொலையாளி இல்லை. கால் அரிப்பு.

விசாரணைக்கு அண்ணனைக் கூப்பிடவே இல்லை. பிணத்தை யார் விசாரிப்பார்கள்? படம் வெளியான அன்று திரையரங்கில் ஊசி அக்காவின் பெயர் வராததைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. நேராக ஐயாவிடம் ஓடினார். ஐயாவின் கையில் அன்று வந்த விமர்சனம். "சாக்ஸ் ஒரு மேதையின் துப்பு" என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னாராம். "நீ பொணம்யா. பொணம் பேசாது."

அண்ணன் பேசவில்லை. வயிற்றுப் பிழைப்பு, பேசவில்லை. அவரை நல்லவர் என்று சொல்ல வந்த நான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் செயலாளரான ஆண்டிலிருந்து ஒவ்வொரு பொதுக்குழுவிலும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். "உடைப் பொறுப்பாளரின் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும்." காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். இருபத்தாறு முறை கொண்டுவந்தார், இருபத்தாறு முறையும் தோற்கடித்தோம். நானும் கை தூக்கியிருக்கிறேன், எதிர்த்து. நாம் அதோடு விட்டோமா? அந்த அம்மாவுக்கும் இவருக்கும் ஏதோ இருக்கிறது என்று காதோடு காதாகப் பேசினோம். பேசியவர்கள் இப்போது முதல் வரிசையைப் பாருங்கள். அண்ணி வந்ததும் பக்கத்து நாற்காலியில் கைப்பையை வைத்து இடம் பிடித்தார். யாருக்கு என்று நான் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பது ஊசி அக்கா. அண்ணிக்குத் தெரியாதது எது?

அண்ணன் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் புரியலடா. உன் கண்ணுக்கு எப்படித் தப்பிச்சுது? ஈ ஒக்காந்த எடம் மாறுனாலே கத்துவியே. நெசமாவே பாக்கலியா?"

சாகக் கிடக்கும் மனிதர் கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாக்கலண்ணே."

அவர் சிரித்தார். "சரி, விடு" என்றார். நம்பினாரா? நம்பவில்லை என்றுதான் சந்தேகப்படுகிறேன். அந்தச் சந்தேகத்தை இனி யாரிடம் கேட்டுத் தீர்ப்பேன்?

நண்பர்களே! அடுத்த மாதம் அந்தப் படம் புதுப்பொலிவோடு வருகிறது. பெயர் அட்டைகளைப் புதிதாக எழுதுகிறார்கள். நேற்று போய்ப் பார்த்தேன். தொடர்ச்சிக்கு என் பெயர் இருக்கிறது. உடைக்கு நேரே ஒன்றும் இல்லை. விளம்பரத்தில் மட்டும், "சாக்ஸை மாற்றியது யார்?" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஐயா! உங்களைக் கேட்கிறேன். இந்த அவையில், எல்லார் முன்னாலும், ஒரே கேள்வி. நாள்காட்டிக்காக நீங்கள் என்னிடம் கத்திய அதே சொற்கள்தான். அந்தச் சாக்ஸ் துப்பா? தப்பா?

ஐயா அசையவில்லை. பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுகூட வெளியே தெரியவில்லை. ஐயா, வேண்டாம். இந்த வேடம் உங்களுக்கு வராது. இதற்குப் பிறந்தவர் இதோ படத்தில் இருக்கிறார். உங்களுக்கு இமை துடிக்கிறது, நான் பார்க்கிறேன்.

ஏதோ சொல்கிறார். தயவுசெய்து அமைதி. ஐயா சொன்னது உங்களுக்குக் கேட்டதா? "படம் ஓடுச்சுல்ல?" என்கிறார்.

ஓடியது ஐயா. நன்றாக ஓடியது.

ஊசி அக்கா எழுந்திருக்கிறார். அக்கா, மேலே வாருங்கள். வர மாட்டாரா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள் அக்கா. அமைதி, அமைதி.

சொல்லுங்கள்.

அக்கா உட்கார்ந்துவிட்டார். மைக் இல்லாததால் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. "என்ன சொன்னாங்க?" என்று கேட்கிறீர்கள். சொன்னதை நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். ஒரு சொல் மாறாது. அது என் தொழில்.

"சாம்பல் சாக்ஸ் அவரோடதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. கட்டைவெரல் பக்கம் கிழிஞ்சிருந்தத நான்தான் தைச்சுக் கொடுத்தேன். திரையில பாத்ததுமே என் தையல் தெரிஞ்சுபோச்சு. சொல்லியிருந்தா அவரு மொகம் தெரிஞ்ச ஒரே படமும் அவர விட்டுப் போயிருக்கும். அதான் சொல்லல. அதுல எனக்கு வருத்தம் இல்ல. வருஷா வருஷம் தீர்மானம் தோத்த மறுநாள் கடைக்கு வருவாரு. நல்லா இருக்கிற பட்டனப் பிச்சுக்கிட்டு வந்து தைச்சுத் தரச் சொல்லுவாரு. நானும் தைச்சுக் கொடுப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டோம்."

இன்னும் இருக்கிறது. இதையும் சொல்ல வேண்டும்.

"அன்னிக்கு விசாரணை முடிஞ்சு பெரியவரு என்னத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு, கன்டினியூட்டி பாத்திருப்பானான்னு. நான்தான் சொன்னேன், அவன் பாத்திருந்தா சொல்லியிருப்பான் சார், மறைக்கிற புள்ள இல்லன்னு. அதுக்கப்புறம்தான் என்னப் போகச் சொன்னாரு. அந்த எடத்துல யாரோ ஒருத்தர் பாத்திருக்கணும், பாத்துட்டும் வாய மூடிக்கிட்டாங்கன்னு எனக்கு எப்பவும் சந்தேகம். கேமராக்காரரச் சந்தேகப்பட்டேன். லைட்டு புடிச்சவரச் சந்தேகப்பட்டேன். டீ கொண்டாந்தவரக்கூட விடல. முப்பத்திரண்டு வருஷம் தம்பி. உன்ன மட்டும் சந்தேகப்படல."

ஒரு சொல் மாற்றவில்லை.

ஒரு நிமிடம் பொறுங்கள். தண்ணீர் வேண்டாம்.

தலைவரே, உங்கள் கடிகாரப்படி என் நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் அண்ணன் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லாமல் இறங்குவது முறை ஆகாது. எனக்கு முன்னால் பேசியவர்கள் அவர் புகழ் வாழ வேண்டும் என்றார்கள். புகழைப் பார்த்துக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள். அவர் விட்டுச்சென்ற வேலை ஒரே ஒரு தீர்மானம். இருபத்தேழாம் முறையாக அதை நான் கொண்டுவருகிறேன். ஊசி அக்காவின் உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். அண்ணன் காரணம் சொல்லவில்லை, நான் சொல்லிவிட்டேன். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள். பின்வரிசை, நன்றாகத் தூக்குங்கள். தலைவரே, உங்கள் கை பாதியில் நிற்கிறது. நன்றி.

இளைய தயாரிப்பாளரே, நாளைக் காலை இந்த நோட்டோடு உங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். உடைக்கு நேரே அக்காவின் பெயர் வர வேண்டும். அந்த விளம்பரக் கேள்விக்குக் கீழே விடையும் வர வேண்டும். தொடர்ச்சிக்கு நேரே இருக்கும் என் பெயரை எடுத்துவிடுங்கள். அந்த வேலையை அந்தப் படத்தில் நான் செய்யவில்லை. தலையாட்டினீர்கள். இருநூறு பேர் பார்த்தார்கள். நேரம் ஆறு மணி பதினெட்டு நிமிடம், குறித்துக்கொண்டேன். நாளைக்கு மாறினால் கத்துவேன்.

அடுத்ததாக நிகழ்ச்சி நிரலில் ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறார்கள். எல்லாரும் எழுந்து நில்லுங்கள். என்னை மன்னித்துவிடுங்கள், நான் சேரப் போவதில்லை. என் பங்கு மௌனத்தை முப்பத்திரண்டு ஆண்டாகச் செலுத்திவிட்டேன். நீங்கள் நிற்கும் அந்த ஒரு நிமிடத்தில் நான் கீழே இறங்கிப் போய் அக்காவிடம் பேச வேண்டும். பேசி முடிக்க ஒரு நிமிடம் போதுமா என்று தெரியவில்லை.